ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக விரும்பும் மாணவிக்கு இளநிலைப் படிப்பு எதைத் தர வேண்டும்?

கேள்வி கேட்டவர் ஒரு தந்தை. அமெரிக்காவில் பள்ளியிறுதி ஆண்டில் இருக்கும் அவர் மகள் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக வேண்டும் என்கிறாள். இளநிலையில் பேச்சு, மொழி, செவி ஆகியவற்றையும் அவற்றின் குறைபாடுகளையும் பற்றிய ‘கம்யூனிகேஷன் சயின்சஸ் அண்ட் டிஸ்ஆர்டர்ஸ்’ என்ற மேஜரை (முதன்மைப் பாடத்தை) எடுக்கலாமா, அதை முடித்ததும் வேலைக்குப் போகலாமா, முதுநிலையில் இடம் கிடைப்பது கஷ்டம் என்கிறார்களே, இந்த நான்கு வருடத்தில் என்ன செய்து வைத்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக எடுக்கலாம். ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் முழுத் தகுதியுள்ள ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்க முடியாது. அதற்கு முதுநிலைப் பட்டம் வேண்டும், பெரும்பாலும் இரண்டு வருடம். காது கேட்கும் திறனைச் சோதித்துச் சிகிச்சை தரும் ஆடியாலஜிஸ்ட் ஆக வேண்டுமென்றால் இன்னும் நீளம். ஏயுடி என்ற டாக்டர் பட்டம் வாங்க வேண்டும், இளநிலைக்குப் பிறகு பொதுவாக நான்கு வருடம். இந்தியாவில் இருக்கும் உறவினர்கள் “நாலு வருஷம் படித்தால் போதுமே” என்று சொல்லக்கூடும். அங்கே பிஏஎஸ்எல்பி என்ற படிப்பு, கடைசி ஒரு வருடப் பயிற்சியோடு சேர்த்து, தொழிலுக்குள் நுழையும் தகுதியாகவே வடிவமைக்கப்பட்டது. முதல் வருடத்திலிருந்தே மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கத் தயாராகிறார்கள். அமெரிக்க இளநிலையின் நோக்கம் வேறு. இது புரியாமல் சேர்கிற பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் “இன்னும் ஒரு குழந்தைக்குக் கூட தெரபி செய்யவில்லையே” என்று சோர்ந்து போகிறார்கள்.

நான் பள்ளிகளிலும் மருத்துவமனையிலும் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்த்தவள். இப்போது முதுநிலை மாணவர்களை கிளினிக்கில் மேற்பார்வை செய்கிறேன். அங்கே தடுமாறுகிற மாணவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவு குறைவாக இருப்பதில்லை. இயல்பான பேச்சு எப்படி நடக்கிறது, இயல்பான குழந்தை எந்த வயதில் என்ன பேசும், இயல்பான காது ஒலியை எப்படி வாங்குகிறது என்பதில்தான் ஓட்டை இருக்கிறது. இளநிலையின் வேலையே அந்த ஓட்டையை அடைப்பதுதான். குறைபாடுகளையும் சிகிச்சையையும் முதுநிலை சொல்லித்தரும். இயல்பை முதலிலிருந்து சொல்லித்தர அங்கே நேரம் கிடையாது.

சில பாடங்களை எடுத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

முதலில் ஒலிப்பியல். எழுத்தை மறந்துவிட்டுக் காதால் கேட்டதை மட்டும் சர்வதேச ஒலிப்பு எழுத்தில் எழுதப் பழக்குவார்கள். பூனையைக் குறிக்கும் ‘கேட்’, நாயைக் குறிக்கும் ‘டாக்’ இரண்டின் பன்மைக்கும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து எஸ் தான். தொண்டையில் விரலை வைத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், ‘கேட்ஸ்’ என்னும்போது கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது, ‘டாக்ஸ்’ என்னும்போது இருக்கும். ‘வாட்டர்’ என்று நாம் எழுதுகிற சொல்லை அமெரிக்கர்கள் சொல்லும்போது நடுவில் வருவது அசல் டகரமே அல்ல. நாக்கு நுனி ஒரு கணம் மேலே தட்டிவிட்டு இறங்குகிறது. ‘மரம்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் ரகரத்துக்கு அது வெகு அருகில் இருக்கிறது. முதலில் விளையாட்டு போலத் தெரியும். பிற்காலத்தில் நான்கு வயதுக் குழந்தை எதிரே உட்கார்ந்து, ‘கார்’ என்பதை ‘டார்’ என்றும், ‘ராபிட்’ என்பதை ‘வாபிட்’ என்றும் சொல்லும்போது, இரண்டையும் அந்த நொடியிலேயே சரியாகக் குறித்துக்கொள்ளும் காது வேண்டும். முதலாவதில் தொண்டைக்கு அருகே பிறக்க வேண்டிய ஒலி பல்லுக்குப் பின்னால் பிறக்கிறது. இரண்டாவதில் ரகரம் வகரமாக வழுக்குகிறது. முதலாவது பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதுக்குள் தானாகப் போய்விடும். இரண்டாவது இன்னும் சில காலம் இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டும், எந்தக் குழந்தையைக் காத்திருந்து பார்க்கலாம் என்ற முடிவு இந்த அறிவிலிருந்துதான் வருகிறது. இந்தப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தால் அடுத்த செமஸ்டரிலேயே காது மறந்துவிடும். டிவி, பாட்காஸ்ட் எதையாவது கேட்டுத் தினம் பத்து நிமிடம் எழுதிப் பழகச் சொல்லுங்கள்.

அடுத்தது மொழி வளர்ச்சி. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. 1958-இல் ஜீன் பெர்கோ ஒரு பறவை மாதிரியான படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, “இது ஒரு வக்” என்றார். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. பிறகு இரண்டு பறவைகளைக் காட்டி, “இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு...?” என்று நிறுத்தினார். குழந்தைகள் சரியான பன்மையைச் சொன்னார்கள். கேட்டறியாத சொல்லுக்குப் பன்மை சொல்ல முடிகிறதென்றால், அந்தக் குழந்தை மனப்பாடம் செய்து பேசவில்லை, விதியைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மேலே சொன்ன அதிர்வு வித்தியாசத்தையும் சேர்த்தே பிடித்துவிட்டது. 1973-இல் ரோஜர் பிரவுன், ஆடம், ஈவ், சாரா என்ற மூன்று குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து, ஆங்கில இலக்கணத்தின் 14 சிறு உருபுகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்து சேர்கின்றன என்று காட்டினார்.

இதை வகுப்பில் கேட்பது வேறு, கையால் செய்வது வேறு. மாணவர்களுக்கு ஒரு குழந்தையின் பேச்சைப் பதிவு செய்து எழுதச் சொல்வார்கள், ஐம்பது வாக்கியமாவது. பிறகு ஒவ்வொன்றிலும் பொருள் தரும் சிறு உறுப்புகளை எண்ண வேண்டும். ‘டூ டாக்ஸ் ரன்னிங்’ என்று குழந்தை சொன்னால் சொல் மூன்று, உறுப்பு ஐந்து: ‘டூ’, ‘டாக்’, பன்மை உருபு, ‘ரன்’, ‘இங்’. மொத்த உறுப்புகளை வாக்கிய எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி நீளம் வரும். எண்ணுவது எளிது. அந்த எண் சொல்லாமல் விட்டதைப் பார்ப்பதுதான் கஷ்டம். குழந்தை கேள்வியே கேட்கவில்லையா, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னதா, பொம்மையோடு பேசியதா, அம்மாவைப் பார்த்துப் பேசியதா என்பதெல்லாம் அதில் வராது. இளநிலையில் இரண்டு மூன்று குழந்தைகளின் பேச்சை இப்படி முழுதாக எழுதிப் பார்த்த மாணவி, முதுநிலையில் மற்றவர்களைவிட ஒரு செமஸ்டர் முன்னால் இருப்பாள்.

உடற்கூறு பாடத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் பயப்படுகிறார்கள். பெயர்கள் அதிகம், உண்மைதான். ஆனால் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒன்றும் நிற்காது, பாதையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். குரல்நாண்களை இயக்கும் நரம்பு மூளையடியிலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. கழுத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டுத் திரும்பி மேலே ஏறுகிறது. இடது பக்கத்தில் அது மார்புக்குள்ளேயே இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. இந்த ஒரு பாதை தெரிந்தால், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருவருக்கு ஏன் குரல் கம்மலாம், தைராய்டு அறுவைக்கு முன் ஏன் குரலைப் பற்றிப் பேசுகிறார்கள், காரணம் தெரியாமல் குரல் கம்மியவருக்கு டாக்டர் ஏன் மார்பையும் ஸ்கேன் செய்யச் சொல்கிறார் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். குரல்நாண்களை விரித்துத் திறக்கும் வேலையைச் செய்வது ஒரே ஒரு ஜோடி தசை. இரண்டு பக்கமும் அது செயலிழந்தால் பிரச்சினை குரலோடு நிற்காது, மூச்சுக்கே ஆபத்து. இயல்பைச் சரியாகப் படித்தால் நோய் தானே வெளிச்சத்துக்கு வரும் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒலியியலிலும் செவியியலிலும் கணக்கு வரும். டெசிபல் என்பது மடக்கை அளவு. 60 டெசிபலில் ஒரு மெஷின் ஓடுகிறது, பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை ஓட விட்டால் 120 ஆகாது, ஏறத்தாழ 63 தான் ஆகும். பூஜ்யம் டெசிபல் என்றால் சத்தமே இல்லை என்று பொருளல்ல. செவித்திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் அது இயல்பான செவியுள்ள இளைஞர்கள் கேட்கத் தொடங்கும் அளவு. இவை இரண்டையும் தெளிவாக வைத்துக்கொண்டால், காதின் எந்தப் பகுதியில் கோளாறு என்பதை வரைபடத்தைப் பார்த்தே ஊகிக்கும் திறன் மெல்ல வரும். காற்று வழியாகக் கொடுத்த ஒலி சரியாகக் கேட்கவில்லை, எலும்பு வழியாகக் கொடுத்தது நன்றாகக் கேட்கிறது என்றால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது, உட்காது நன்றாக இருக்கிறது. உங்கள் மகள் ஸ்பீச் பக்கம் போகத் தீர்மானித்திருந்தாலும் இந்தப் பாடத்தைத் தள்ளிவிடக் கூடாது. பேச்சு வரவில்லை என்று வருகிற குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது.

இனி விதிகள். அமெரிக்காவில் இந்தத் தொழிலின் சான்றிதழைத் தருவது ஆஷா என்ற சங்கம், 1925-இல் தொடங்கியது. வேலை பார்க்க ஒவ்வொரு மாநிலமும் தனியாக உரிமம் தரும். மாநில விதிகள் பெரும்பாலும் ஆஷா விதிகளை ஒட்டியே இருக்கும். ஸ்பீச் சான்றிதழுக்கு வேண்டியவை: அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பு, 400 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, பிராக்ஸிஸ் என்ற தேசிய அளவிலான தேர்வில் 162 மதிப்பெண், பட்டம் வாங்கிய பிறகு குறைந்தது 36 வாரம் வழிகாட்டியின் கீழ் முழுநேர வேலை. 400 மணியில் 25 மணி பிறர் செய்வதைப் பார்ப்பது, 375 மணி நேரடியாகச் செய்வது. அந்த 375-இல் 325 முதுநிலையில்தான் செய்திருக்க வேண்டும். ஆகவே இளநிலையில் கிளினிக் வாய்ப்பு குறைவாக இருப்பதைக் கல்லூரியின் குறையாக நினைக்க வேண்டாம். விதியே அப்படி அமைந்திருக்கிறது.

இன்னொரு விதியைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது புள்ளியியல், உயிரியல், சமூக அறிவியல், இயற்பியல் அல்லது வேதியியல் ஆகிய நான்கிலும் கல்லூரி அளவில் படித்த சான்று வேண்டும். மேஜருக்குள் இருக்கும் பாடங்களைப் பொதுவாக இதற்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். குரல்வளை உடற்கூறு உயிரியல் ஆகாது, பேச்சு ஒலியியல் இயற்பியல் ஆகாது. முதல் இரண்டு வருடத்துக்குள் நான்கையும் முடித்துவிடுவது நல்லது. புள்ளியியலை மட்டும் வேண்டாவெறுப்பாகப் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு மதிப்பீட்டுத் தேர்வில் குழந்தை வாங்கிய ஸ்கோர் அதே வயதுக் குழந்தைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பள்ளியில் அந்தக் குழந்தைக்குச் சேவை உண்டா இல்லையா என்று பேசுவார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு அதை எளிமையாக விளக்க வேண்டியதும் நாம்தான்.

முதுநிலையில் இடம் கிடைப்பது கஷ்டமா என்றால், ஆமாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. மாணவர் நோயாளியோடு இருக்கும் நேரத்தில் குறைந்தது கால் பங்காவது சான்றிதழ் பெற்ற ஒருவர் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் அதைவிட அதிகமாகவே பார்ப்போம். அதோடு ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பயிற்சி இடம் தேட வேண்டும். வகுப்பறையில் நாற்காலி போட்டுவிடலாம், மேற்பார்வையாளரை அப்படிக் கூட்ட முடியாது. அதனால் ஒரு வகுப்பில் சில பத்துப் பேரைத்தான் சேர்க்கிறார்கள், விண்ணப்பங்களோ நூற்றுக்கணக்கில் வருகின்றன. ஆஷாவின் எட்ஃபைண்ட் என்ற இணையப் பட்டியலில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், அவர்களின் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது. வதந்திகளைக் கேட்டுப் பயப்படுவதைவிட அதைத் திறந்து பாருங்கள்.

ஜிபிஏ பற்றி உங்கள் மகளுக்கு இப்போதே தெரிய வேண்டிய ஒன்று உண்டு. பெரும்பாலான முதுநிலைப் படிப்புகள் சிஎஸ்டிகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியே மாணவர்களை எடுக்கின்றன. அது எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் மதிப்பெண்களை வாங்கித் தன் முறையில் ஜிபிஏவைக் கணக்கிடும். ஒரு பாடத்தில் சி வாங்கி, மறுபடி படித்து ஏ வாங்கினால் அவள் கல்லூரி பழையதை நீக்கிவிடலாம். அந்த அமைப்பு இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் படித்த பாடங்களும் அதில் வரும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் டூயல் என்ரோல்மென்டில் ஏதாவது எடுத்திருந்தால் அலட்சியமாக விட வேண்டாம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் நான்காம் வருடத்தின் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய்விடும். மூன்றாம் வருடம் முடியும் வரை வாங்கிய மதிப்பெண்தான் உண்மையில் பேசும். முதுநிலைக்கான பொது நுழைவுத் தேர்வான ஜிஆர்இயைப் பல இடங்கள் விட்டுவிட்டன. அதனால் மற்றவற்றின் எடை கூடியிருக்கிறது.

சரி, ஜிபிஏ 3.4 தான் இருக்கிறது என்றால் கதவு மூடிவிட்டதா? இல்லை. எங்கே எந்த மாதிரி மாணவர்களை எடுக்கிறார்கள் என்று பார்த்து, நான்கைந்து நடுத்தர இடங்களையும் சேர்த்து விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும். முதுநிலையைப் பொறுத்தவரை, அங்கீகாரம் பெற்ற எந்த இடத்தில் படித்தாலும் சான்றிதழ் ஒன்றுதான். வேலை கொடுப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. இளநிலைக்கு அந்த அங்கீகாரம் என்ற பேச்சே கிடையாது, அங்கீகாரக் குழு முதுநிலை, ஏயுடி படிப்புகளை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் இளநிலைக்குப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் இந்த மேஜர் இருந்து, வளாகத்திலேயே ஒரு கிளினிக்கும் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. மிச்சமாகும் பணம் முதுநிலைக்கு வேண்டும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுநிலை மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன் கிடையாது. சாதாரண முதுநிலை மாணவர் வருடத்துக்கு 20,500 டாலர் வரைதான் கூட்டாட்சிக் கடன் பெறலாம். கட்டணமும் வாடகையும் சேர்ந்தால் பல இடங்களில் இதைத் தாண்டிவிடும்.

பரிந்துரைக் கடிதங்களுக்கு வருவோம். வழக்கமாக மூன்று கேட்பார்கள். ‘இந்த மாணவி என் வகுப்பில் ஏ வாங்கினாள்’ என்ற கடிதம் எதுவும் சொல்வதில்லை, மதிப்பெண் பட்டியலிலேயே அது இருக்கிறது. பேராசிரியர் அவளைப் பற்றி ஒரு பத்தி உண்மையாக எழுத வேண்டுமென்றால் அவளோடு பழகியிருக்க வேண்டும். இரண்டாம் வருடத்திலேயே ஏதாவது ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பதிவுகளை எழுதுவது, தரவைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளைச் செய்வது இதற்கு நல்ல வழி. சலிப்பான வேலைதான், ஆனால் யார் பொறுமையாக, ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்பது அங்கேதான் வெளியே தெரியும். கிளினிக்குக்கும் அதே குணம்தான் வேண்டும்.

25 மணி நேரப் பார்வைப் பயிற்சியை முடித்த சான்றைப் பல முதுநிலைப் படிப்புகள் சேரும்போதே கேட்கின்றன. சான்றிதழ் பெற்றவரின் சிகிச்சையைப் பார்த்தால்தான் கணக்கு, கையெழுத்தும் வாங்கி வைக்க வேண்டும். மணிக்கணக்கைவிட முக்கியம், பார்த்ததை எப்படி எழுதுகிறாள் என்பது. ரகரம் சரியாக வராத ஒரு சிறுவனுக்கு நடந்த சிகிச்சையைப் பார்த்துவிட்டு, ‘குழந்தை இன்று நன்றாகச் செய்தான், ஆர்வமாக இருந்தான்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை வைத்து அடுத்த வாரம் யாரும் எதுவும் செய்ய முடியாது. ‘சொல்லின் தொடக்கத்தில் ரகரம்: 20 முயற்சியில் 11 சரி. கண்ணாடியைக் காட்டிய பிறகு 20-இல் 16. வாக்கியத்துக்குள் வந்ததும் 10-இல் 3. களைப்பு தெரிந்தது கடைசி ஐந்து நிமிடத்தில்’ என்று எழுதினால், எந்த உதவி பலன் தந்தது, எங்கே மறுபடி தொடங்க வேண்டும் என்பது வேறொருவர் படித்தாலும் புரியும். இப்படி எழுதும் பழக்கத்தை இளநிலையிலேயே பிடித்துக்கொண்டால் போதும், மற்றதை நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

விண்ணப்பக் கட்டுரையில் ‘பிறருக்கு உதவ வேண்டும் என்பது சிறு வயதிலிருந்தே என் கனவு’ என்று தொடங்காமல் இருந்தால் நல்லது. அந்த எண்ணம் உண்மையானதுதான், மதிக்கிறேன். ஆனால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். எந்தக் கேள்வி அவள் மனதைக் குடைகிறது என்பதை எழுதட்டும். பக்கவாதம் வந்த ஒருவர் தேதியைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார், பாட்டு மட்டும் வரி பிசகாமல் வருகிறது. அது ஏன் என்று அவள் உண்மையாகவே யோசித்திருந்தால், அதைப் பற்றிய இரண்டு பத்தி போதும்.

உங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை அவள் பெரிய சொத்தாக நினைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டம், முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியிலேயே மதிப்பீடு செய்யச் சொல்கிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைப்பது அரிது. தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தை ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று சொல்லலாம், ஆங்கிலத்தின் வீயையும் டபிள்யூவையும் ஒரே மாதிரி ஒலிக்கலாம். இவை முதல் மொழியின் சாயல், குறைபாடு அல்ல. இது தெரியாதவர் தவறென்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ‘இரண்டு மொழி பேசும் வீடு, அதனால்தான் தாமதம்’ என்று சொல்லி, உண்மையிலேயே மொழிக் குறைபாடு உள்ள குழந்தையை இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். இரு மொழி கேட்டு வளர்வது குறைபாட்டை உண்டாக்காது. குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலத்துக்காக எழுந்த சராசரி நீளக் கணக்கும் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘விழுந்துடுச்சு’ என்று குழந்தை சொல்லும் ஒற்றைச் சொல்லுக்குள் வினை, துணைவினை, காலம், ‘அது’ என்ற எழுவாயின் குறி எல்லாம் அடங்கியிருக்கின்றன. உங்கள் மகள் மொழியியலில் இரண்டு மூன்று பாடம் கூடுதலாக எடுத்தால் இதையெல்லாம் உள்ளுணர்வாக மட்டும் இல்லாமல் காரணத்தோடும் சொல்ல முடியும். தமிழ் எழுதப் படிக்க வராதென்றால் இந்த நான்கு வருடத்தில் கற்றுக்கொள்ளட்டும். ஸ்பானிஷ் கற்றால் வேலைக்கு உதவும், அதில் சந்தேகமில்லை, ஆனால் தமிழை விட்டுவிட்டு வேண்டாம்.

வேறு மேஜர் படித்துவிட்டும் சேரலாமா? சேரலாம், நிறையப் பேர் சேர்கிறார்கள். மொழியியல், உளவியல், கல்வியியல் படித்தவர்கள், ஏன், இசை படித்தவர்களும் வருகிறார்கள். மேலே சொன்ன அடிப்படைப் பாடங்களைத் தனியாகப் படித்து முடிக்க வேண்டும், ஆன்லைனிலும் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. சில இடங்களில் அதையும் சேர்த்து மூன்று வருட முதுநிலையாகவே வைத்திருக்கிறார்கள். காலமும் செலவும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அவளுக்குப் பிடித்த கல்லூரியில் இந்த மேஜர் இல்லையென்றால் அதற்காக அந்தக் கல்லூரியை விட்டுவிட வேண்டியதில்லை. மொழியியலை மேஜராக எடுத்துக்கொண்டு, புள்ளியியல், உயிரியல், சமூக அறிவியல், இயற்பியல் அல்லது வேதியியல் ஆகிய நான்கையும் கூடவே முடித்து வைத்தால் போதும், அடிப்படைப் பாடங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இளநிலை முடிந்ததும் ஒரு வருடம் வேலை பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. பல மாநிலங்களில் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு உதவியாளராகச் சேரலாம், விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2020 முதல் ஆஷாவும் உதவியாளர்களுக்குத் தனிச் சான்றிதழ் தருகிறது. முதல் முயற்சியில் முதுநிலை இடம் கிடைக்காதவர்களில் சிலர் இப்படி ஒரு வருடம் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். குழந்தைகளோடு தினமும் பழகியவர்கள் என்பதால் முதல் நாளிலிருந்தே அவர்கள் கை நடுங்குவதில்லை. நான் மேற்பார்வை செய்தவர்களில் மிகச் சிறந்த சிலர் இந்த வழியாக வந்தவர்கள்.

நடுவில் மனம் மாறினால் என்ன செய்வது என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். சிறப்புக் கல்வி, ஆக்குபேஷனல் தெரபி, செவிலியர் படிப்பு, பொதுச் சுகாதாரம் என்று பல பக்கம் இங்கிருந்து போகலாம். சிலவற்றுக்குக் கூடுதல் பாடங்கள் வேண்டும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி, இந்தக் கோடையிலேயே அவளை ஒரு பள்ளியிலோ முதியோர் மறுவாழ்வு மையத்திலோ ஒரு ஸ்பீச் தெரபிஸ்டோடு ஒரு நாள் முழுக்க இருக்கச் சொல்வது. அமெரிக்காவில் ஏறத்தாழ பாதி ஸ்பீச் தெரபிஸ்டுகள் பள்ளிகளில்தான் வேலை பார்க்கிறார்கள், ஆகவே பள்ளியை முதலில் பார்க்கட்டும். அப்புறம் முடிந்தால் மருத்துவமனையையும் பார்க்கட்டும். அங்கே நேரத்தின் பெரும்பகுதி விழுங்க முடியாதவர்களுக்குப் போகும், பேச்சுக்கு அல்ல. இதை எதிர்பார்க்காமல் வந்து திகைத்தவர்கள் உண்டு. அனுமதி கேட்டு எழுதும்போது பெற்றோர் எழுத வேண்டாம், அவளே எழுதட்டும்.

வகுப்புகளுக்குப் பதிவு செய்யும் முன் முதல் செமஸ்டரில் என்னென்ன எடுக்கிறாள் என்று பட்டியலைப் போட்டால், புள்ளியியலும் உயிரியலும் எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.